வரித் தள்ளுபடியா, குழந்தைக் காப்பகமா?

உலகத்திலேயே பெரிய பணக்கார நாடு அமெரிக்கா. கணவனைப் பிரிந்து, பிள்ளையை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் ஒரு தாய்க்கு அந்த நாட்டு சர்க்கார் என்ன உதவி செய்கிறது? பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவில் ஒரு பங்கை வருமான வரியில் தள்ளிக் கொடுப்பதாகச் சொல்கிறது. அந்நாட்டு வரிச் சட்டத்தின் 21-வது பிரிவு அதுதான். 2025 ஜூலை 4-ந் தேதி ஜனாதிபதி டிரம்ப் கையெழுத்திட்ட புதிய சட்டம் அந்தப் பங்கை 2026 முதல் நூற்றுக்கு 50 வரை உயர்த்திவிட்டது. பாதிச் செலவை சர்க்காரே ஏற்றுக்கொள்கிறதாம்!

கேட்பதற்குக் காது குளிர்கிறது. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? சட்டத்தில் அச்சான நூற்றுக்கு ஐம்பது, அந்தத் தாயின் கைக்கு வந்து சேருகிறதா? இதைத்தான் நாம் கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புகிறோம்.

ஆலையிலும் வயலிலும் பாடுபடும் நம் வாசகர்கள் கேட்கலாம்: கடல் கடந்த தேசத்து வரிக் கணக்கு நமக்கு எதற்கு? காரணம் உண்டு. வேலைக்குப் போகும் பெண்கள் "எங்கள் பிள்ளைகளுக்கு ஓர் இடம் வேண்டும்" என்று கேட்கும்போதெல்லாம், ஆளும் வர்க்கம் இடத்துக்குப் பதிலாக ஒரு காகிதத்தை நீட்டும். அமெரிக்காவில் அந்தக் காகிதம் எழுபது ஆண்டுகளாக அமுலில் இருக்கிறது. அதன் பலன் என்ன என்று பார்த்துத் தெரிந்துகொள்வது உழைப்பாளி மக்கள் எல்லோருக்கும் நல்லது.

சலுகையின் விதிகள்

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பிள்ளைக்கு 13 வயது நிரம்பியிருக்கக் கூடாது. பெற்றவர் வேலைக்குப் போவதற்காகவோ, வேலை தேடுவதற்காகவோ செய்த செலவாக இருக்க வேண்டும். காப்பகத்துக்கோ, பார்த்துக்கொண்ட பெண்ணுக்கோ கொடுத்த பணத்தை 2441-ம் எண் படிவத்தில் எழுத வேண்டும். வாங்கியவரின் பெயர், விலாசம், வரி எண் மூன்றையும் கேட்டு எழுத வேண்டும். ரொக்கமாக வாங்கிக்கொண்டு அண்டை வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏழைப் பெண்கள் பலர் தங்கள் எண்ணைக் கொடுக்கத் தயங்குவார்கள். அங்கேயே பல தாய்மார்களின் கோரிக்கை நின்றுபோகிறது.

செலவு எவ்வளவு ஆனாலும் ஒரு பிள்ளைக்கு 3,000 டாலர், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 6,000 டாலர் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். இந்த உச்ச வரம்பு 2003-ம் ஆண்டு அமுலுக்கு வந்தது. அதன் பிறகு வாடகை ஏறியது, ரொட்டி விலை ஏறியது, காப்பகக் கட்டணம் ஏறியது. 2021-ம் ஆண்டு ஒன்றைத் தவிர, இந்த வரம்பு ஒரு டாலர் கூட ஏறவில்லை. இன்று அந்நாட்டின் பல மாநிலங்களில் ஒரு குழந்தையைக் காப்பகத்தில் விட ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆகிறது. சட்டமோ 3,000-க்கு மேல் கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறது.

இரவுகளை எண்ணும் சட்டம்

தாயும் தகப்பனும் பிரிந்து வாழ்ந்தால் இந்தச் சலுகை யாருக்கு? ஒருவருக்குத்தான். பிள்ளை எவர் வீட்டில் அதிக இரவுகள் தூங்கியதோ அவருக்கு. ஆண்டுக்கு 365 இரவு. ஒருவரிடம் 183, மற்றவரிடம் 182 என்றால், 183 உள்ளவருக்கு முழுச் சலுகை. 182 உள்ளவருக்கு ஒன்றும் இல்லை. அந்த 182 நாட்களிலும் அவர் தன் கைப்பணத்தைக் கொடுத்துப் பிள்ளையைக் காப்பகத்தில் விட்டு வேலைக்குப் போயிருந்தாலும் கணக்கு ஒன்றுதான்: பூஜ்யம்.

2024-ஐப் போல 366 நாள் வரும் ஆண்டில் இரவுகள் சரிபாதியாக வந்துவிட்டால்? அப்போதுதான் சட்டத்தின் உண்மை முகம் தெரிகிறது. இருவரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவருக்குச் சலுகை! தராசு சமமாக நிற்கும்போது, ஏழையின் தட்டில் ஒரு கல்லைப் போட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. இருப்பவனுக்கே மேலும் கொடு என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இராத்திரி ஷிப்டு பார்ப்பவர் கதி என்ன என்று நம் ஆலைத் தோழர்கள் உடனே கேட்பார்கள். அதற்கு ஒரு விதி இருக்கிறது. இரவு வேலையின் காரணமாகப் பிள்ளை இரவில் மற்றவரிடம் தூங்கி, பகல் நாட்களில் அதிகம் இவரிடம் இருந்தால், பகலையே கணக்கில் எடுக்க வேண்டும். நியாயமான விதி. சங்கம் இருக்கிற இடத்தில் ஒரு தோழர் இன்னொரு தோழருக்கு இதைச் சொல்லிக் கொடுப்பார். சங்கம் இல்லாத இடத்தில் இப்படி ஒரு விதி இருப்பதே எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொரு குழப்பமும் உண்டு. பிள்ளை வளர்ப்புக்கென்று பொதுவாகத் தரும் வேறொரு வரித் தள்ளுபடி இருக்கிறது. அதை, பிள்ளையை வைத்திருப்பவர் 8332-ம் எண் படிவத்தில் கையெழுத்துப் போட்டு மற்றவருக்கு விட்டுக்கொடுக்கலாம். காப்பகச் செலவுத் தள்ளுபடியை அப்படி விட்டுக்கொடுக்க முடியாது. விவாகரத்துத் தீர்ப்பில் நீதிபதியே எழுதியிருந்தாலும் வரி இலாகா அதை ஏற்காது. 8332-ல் கையெழுத்து வாங்கிய தகப்பன் எல்லாச் சலுகையும் தனக்கு வந்துவிட்டதாக நினைத்துப் படிவத்தை நிரப்புகிறான். தாயும் தன் உரிமை என்று நிரப்புகிறாள். ஒரே பிள்ளையின் எண் இரண்டு படிவத்தில் வந்தால் இலாகா இருவரிடமும் சான்று கேட்கும். பள்ளிக்கூடச் சீட்டு, வைத்தியர் சீட்டு, வாடகை ரசீது என்று அலைய வேண்டியதுதான்.

விவாகரத்து ஆகாமல் பிரிந்து மட்டும் இருப்பவர் நிலை இதைவிட மோசம். கணவன் மனைவி தனித்தனியாகக் கணக்குக் கொடுத்தால் பொதுவாக இந்தச் சலுகை கிடையாது. கோர்ட்டு தீர்ப்பு மூலம் சட்டப்படி பிரிந்திருக்க வேண்டும்; அல்லது, ஆண்டின் கடைசி ஆறு மாதமும் துணைவர் அந்த வீட்டில் இருந்திருக்கக் கூடாது, பிள்ளை பாதி ஆண்டுக்கு மேல் அங்கே வளர்ந்திருக்க வேண்டும், வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் இவரே செய்திருக்க வேண்டும். ஆகஸ்டு மாதம் அடி தாங்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய பெண்ணுக்கு என்ன வழி? ஆறு மாதம் நிறையவில்லை. அந்த ஆண்டுக்கு, அடித்தவனோடு சேர்ந்து ஒரே படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அல்லது டிசம்பர் முடிவதற்குள் கோர்ட்டு தீர்ப்பு வாங்க வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் சலுகையை மறந்துவிட வேண்டும். செப்டம்பரிலும் அக்டோபரிலும் அவள் காப்பகத்துக்குக் கொடுத்த காசு காசு இல்லையா?

கணக்கைப் பார்ப்போம்

இத்தனை வாசல்களையும் தாண்டி ஒரு தாய் உள்ளே போய்விட்டாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் கைக்கு என்ன கிடைக்கிறது?

அமெரிக்காவில் மத்திய சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலை முதல் இது மாறவில்லை. வாரம் 40 மணி, ஆண்டுக்கு 52 வாரம், ஒரு நாள் கூட லீவு எடுக்காமல் உழைத்தால் 15,080 டாலர். 2024-ம் ஆண்டுச் சட்டப்படி இந்த வருமானத்துக்கு நூற்றுக்கு 34 பங்கு தள்ளுபடி. காப்பகத்துக்கு 3,000 டாலர் கொடுத்திருந்தால் 1,020 டாலர் வர வேண்டும்.

வந்ததா? வரவில்லை. இது வரியில் தள்ளுபடி. கட்ட வேண்டிய வரி இருந்தால் அதில் குறைப்பார்கள். வரி இல்லையென்றால் கையில் ஒரு காசும் தர மாட்டார்கள். பிள்ளையோடு தனித்து வாழும் குடும்பத் தலைவிக்கு 2024-ல் 21,900 டாலர் வரை வருமான வரியே கிடையாது. 15,080 சம்பாதிப்பவளுக்கு வரி பூஜ்யம். பூஜ்யத்தில் எதைத் தள்ளுவது?

இன்னும் கொஞ்சம் மேலே போவோம். 24,000 டாலர் சம்பாதிக்கும் தாய். 2024-ல் அவளுடைய வரி 210 டாலர். சட்டம் சொல்லும் தள்ளுபடி நூற்றுக்கு 30. அதாவது 900 டாலர். அவளுக்குக் கிடைத்தது அந்த 210 தான். மீதி 690 காற்றில் போயிற்று.

இப்போது புதிய சட்டத்துக்கு வருவோம். 2026-ல் அதே 24,000 டாலர் வருமானத்துக்குப் பங்கு நூற்றுக்கு 45 ஆக உயர்ந்தது. ஏட்டில் 1,350 டாலர். ஆனால் அந்த ஆண்டுக்குக் குடும்பத் தலைவியின் வரியில்லா வரம்பு 24,150 டாலர். ஆகவே வரி இல்லை. வரி போனது நல்லதுதான். ஆனால் காப்பகச் செலவுக்கென்று அவளுக்கு வருவது? ஒன்றுமில்லை. பங்கு 30-லிருந்து 45 ஆயிற்று. கிடைப்பது 210-லிருந்து பூஜ்யமாயிற்று. நூற்றுக்கு ஐம்பது என்ற உச்சப் பங்கு யாருக்கு? 15,000 டாலருக்குள் வருமானம் உள்ளவருக்கு. அப்படிப்பட்ட தனித்த தாய்க்கு வருமான வரியே வராது என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாதா? தெரியும். பட்டினி கிடப்பவனைக் கூப்பிட்டு, பூட்டிய அறைக்குள் விருந்து வைத்திருக்கிறோம் என்று சொல்வதற்குப் பெயர் என்ன? நாம் இதை மோசடி என்கிறோம்.

முதலாளிகளுக்கு வந்த பங்கையும் பாருங்கள். தன் ஊழியர்களுக்காகக் காப்பகச் செலவு செய்யும் கம்பெனிக்கு முன்பு செலவில் நூற்றுக்கு 25, ஆண்டுக்கு 1,50,000 டாலர் வரை வரித் தள்ளுபடி. அதே 2025 சட்டம் அதை நூற்றுக்கு 40, ஆண்டுக்கு 5,00,000 டாலர் வரை என்று உயர்த்தியது. கம்பெனிக்கு அந்த ஆண்டு வரி இல்லாமல் போனால்? கவலை வேண்டாம். பயன்படாத தள்ளுபடியை அடுத்த 20 ஆண்டுகளுக்குத் தூக்கிச் சென்று கழித்துக்கொள்ளலாம்! தாய்க்கு? அந்த ஆண்டோடு சரி. கம்பெனியின் தள்ளுபடி இருபது வருஷம் கெடாமல் இருக்கும். தாயின் தள்ளுபடி டிசம்பர் 31-ந் தேதியே அழுகிப் போகும். ஒரே சட்டப் புத்தகத்தில் இரண்டு நீதி. வர்க்க நீதி என்று நாம் சொல்வது இதைத்தான்.

யார் வரி கட்டாதவர்?

இதற்கு அவர்கள் ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள். வரி கட்டாதவருக்கு வரியை எப்படித் திருப்பித் தருவது என்று கேட்கிறார்கள். கேள்வி புத்திசாலித்தனமாகத் தெரியும். ஆனால் பொய்யின் மேல் நிற்கிறது.

அமெரிக்கத் தொழிலாளியின் சம்பளத்தில் முதல் டாலரிலிருந்தே நூற்றுக்கு 7.65 பிடிக்கிறார்கள், முதுமைக் காப்புக்கும் முதியோர் வைத்தியத்துக்கும் என்று. வரியில்லா வரம்பு எதுவும் அதற்குக் கிடையாது. 15,080 டாலர் சம்பாதிக்கும் அந்தத் தாய் இந்த வகையில் மட்டும் ஆண்டுக்கு 1,150 டாலருக்கு மேல் கட்டுகிறாள். அது தவிரப் பெரும்பாலான மாநிலங்களில் கடையில் வாங்கும் துணிக்கும் சோப்புக்கும் விற்பனை வரி. இவளா வரி கட்டாதவள்?

முடியாத காரியமும் இல்லை. உழைத்துச் சம்பாதிக்கும் ஏழைக் குடும்பத்துக்கென்று வேறொரு வரிச் சலுகை இருக்கிறது. அது வரி இல்லாதவருக்கும் ரொக்கமாகவே வருகிறது. பிள்ளை வளர்ப்புச் சலுகையிலும் ஒரு பகுதி அப்படி வருகிறது. காப்பகச் செலவுச் சலுகையே ஓர் ஆண்டு அப்படி வந்தது. 2021 மார்ச்சில் நிறைவேறிய சட்டம், வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பணம் உண்டு என்றது. வரம்பை 8,000 டாலராகவும் இரண்டு பிள்ளைகளுக்கு 16,000 ஆகவும் உயர்த்தியது. பாதிச் செலவு உண்மையாகவே கைக்கு வந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் தொழிலாளர்களை மறுபடி வேலைக்கு அழைக்க வேண்டிய தேவை இருந்தது, கொடுத்தார்கள். 2021 முடிந்தது, சலுகையும் முடிந்தது. நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் தங்கள் மாநிலக் கணக்கில் இதை ரொக்கமாகத் தருகின்றன. ஆகவே வழி இல்லாமல் இல்லை; மனம் இல்லை.

எப்படி வந்தது இந்தக் காகிதம்?

இதன் சரித்திரம் நாம் அறிய வேண்டியது. 1939-ல் ஒரு தம்பதி, இருவரும் வேலைக்குப் போவதால் பிள்ளையைப் பார்க்க ஆள் வைத்த செலவை வருமானத்திலிருந்து கழிக்க வேண்டும் என்று வரி நடுவர் மன்றத்தில் கேட்டார்கள். அது சொந்த வீட்டுச் செலவு, தொழிற் செலவு அல்ல என்று தீர்ப்பாயிற்று. வியாபாரி தன் வாடிக்கைக்காரருக்கு வைக்கும் விருந்து தொழிற் செலவு. தாய் வேலைக்குப் போவதற்காகப் பிள்ளைக்கு ஆள் வைப்பது சொந்தச் செலவு!

பிறகு யுத்தம் வந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். கப்பல் கட்டவும் குண்டு வார்க்கவும் பெண்கள் தேவைப்பட்டார்கள். அன்று காகிதம் நீட்டவில்லை, காப்பகம் கட்டினார்கள். லான்ஹாம் சட்டம் என்ற யுத்தகாலச் சட்டத்தின் பணத்தில் நாடெங்கும் காப்பகங்கள் திறந்தன; பல லட்சம் குழந்தைகள் அங்கே வளர்ந்தார்கள். போர்ட்லாந்து நகரில் கெய்ஸர் கப்பல் தளங்களின் வாசலிலேயே 1943-ல் காப்பகங்கள் எழுந்தன. இராத்திரி ஷிப்டுக்கும் திறந்திருந்தன. வேலை முடிந்து திரும்பும் தாய், பிள்ளையோடு சமைத்த சாப்பாட்டையும் அங்கேயே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். தாய் கணவனோடு வாழ்கிறாளா, பிரிந்து வாழ்கிறாளா என்ற கேள்வி அந்த வாசலில் எழவில்லை. வேலைக்கு வந்தாளா, பிள்ளைக்கு இடம் உண்டு. யுத்தம் முடிந்ததும் கெய்ஸர் காப்பகங்கள் மூடின. 1946-ல் லான்ஹாம் பணமும் நின்றது. பெண்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

வீட்டுக்குப் போக வசதி இல்லாதவர்கள் வேலைக்குத்தான் போனார்கள். 1954-ல் அவர்களுக்கென்று ஒரு கழிவு வந்தது. வேலை செய்யும் பெண்களுக்கும், மனைவியை இழந்த, பிரிந்த ஆண்களுக்கும் ஆண்டுக்கு 600 டாலர் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று. காப்பகம் போய்க் காகிதம் வந்தது இப்படித்தான்.

1971-ல் ஒரு நல்ல காரியம் நடக்கவிருந்தது. வால்ட்டர் மாண்டேல், ஜான் பிராடமஸ் என்ற இரு உறுப்பினர்கள் முன்னின்று கொண்டுவந்த குழந்தை வளர்ச்சி மசோதாவை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியது. ஊர்தோறும் காப்பகம், ஏழைக்கு இலவசம், மற்றவருக்கு வருமானத்துக்கு ஏற்ற கட்டணம். டிசம்பர் 9-ந் தேதி ஜனாதிபதி நிக்ஸன் அதைத் தமது தடை அதிகாரத்தால் கொன்றார். குடும்பத்தை மையமாகக் கொண்ட வளர்ப்புக்கு விரோதமாக, பிள்ளைகளைக் கூட்டாக வளர்க்கும் முறையின் பக்கம் சர்க்கார் சாயக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். பொதுவுடைமை நெடி அடிக்கிறதாம், குழந்தைக்குப் பால் கொடுக்கும் கூடத்தில்!

மறுநாள் என்ன நடந்தது தெரியுமா? டிசம்பர் 10-ந் தேதி அதே நிக்ஸன் ஒரு வரிச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில் குழந்தைப் பராமரிப்புக்கான வருமானக் கழிவு மாதம் 400 டாலர் வரை பெருக்கப்பட்டிருந்தது. நேற்று காப்பகத்துக்குப் பூட்டு. இன்று வரி கட்டும் வருமானம் உள்ளவருக்குக் கழிவு. இரண்டு கையெழுத்துக்கும் நடுவே ஒரே ஓர் இரவு. 1976-ல் அந்தக் கழிவு இன்றைய வரித் தள்ளுபடியாக மாறியது. ஏழைத் தாய்க்கு எட்டாத உயரத்தில் அது தொங்கிக்கொண்டிருப்பது தற்செயல் அல்ல.

தகப்பனும் தாயும்

பிரிந்த குடும்பங்களில் இந்தச் சலுகை ஒரு சண்டையையும் மூட்டிவிடுகிறது. இரவுகளை எண்ணுகிறார்கள். நாட்காட்டியில் குறித்து வைக்கிறார்கள். "வெள்ளிக்கிழமை என்னிடம், சனிக்கிழமை உன்னிடம்" என்று கோர்ட்டில் வாதாடுகிறார்கள். 43,000 டாலருக்கு மேல் சம்பாதிக்கும் தொழிலாளிக்கு 2025 வரை ஒரு பிள்ளைக்குக் கிடைத்த உச்சத் தொகை 600 டாலர். ஆண்டுக்கு 10,000 ஆகும் செலவில் 600! இதற்காக இரண்டு கூலிக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் புகார் எழுதுகிறார்கள். சட்டம் எழுதியவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

இதில் நம் நிலை என்ன? பிள்ளை இரவில் யாரிடம் அழுகிறதோ, காய்ச்சலில் யார் விழித்திருக்கிறாரோ, அவருக்கு முதல் உரிமை என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். பெரும்பாலும் அது தாய்தான். தாய்மார்கள் சலுகையைத் தட்டிப் பறிக்கிறார்கள் என்று ஆண் தொழிலாளிகளிடம் விஷம் ஏற்றுகிறவர்களை நாம் நம்பக் கூடாது. அதே சமயம், வாரத்தில் மூன்று நாள் பிள்ளையை வைத்துக்கொண்டு, காப்பகத்துக்குக் கட்டணம் கட்டி, வேலைக்கும் போகும் தகப்பனும் உழைப்பாளிதான். அவன் கொடுத்த கட்டணத்தைக் கணக்கிலேயே எடுக்க மாட்டேன் என்பது அநீதி. தீர்வு கடினமல்ல. யார் கட்டணம் கட்டினாரோ, அந்த ரசீதுக்கு ஏற்ற பங்கு அவருக்கு. ஒருவருக்குக் கொடுப்பதற்காக மற்றவரிடம் பறிக்க வேண்டியதில்லை. அந்தப் பங்கு, வரி இல்லாதவருக்கு ரொக்கமாக வர வேண்டும். வீட்டை விட்டு விரட்டப்பட்டவளுக்கு ஆறு மாதக் கெடு விதிக்கக் கூடாது. இரவுகள் சமமானால் வருமானம் குறைந்தவர் பக்கம் தராசு சாய வேண்டும்.

அதுவரை, அங்கே உள்ள உழைப்பாளிகள் கிடைப்பதை விட்டுவிடலாம் என்று நாம் சொல்லவில்லை. இருநூறு டாலரும் ஒரு மாதத்துப் பால் காசுதான். ரசீதை வாங்கி வைப்பதும், இரவுகளைக் குறித்து வைப்பதும், உரிமை உள்ளவர் தயங்காமல் படிவம் போடுவதும் வேண்டும். ஆனால் அந்தப் படிவத்தோடு போராட்டம் முடிந்துவிடாது.

வழி இருக்கிறது

நியூ மெக்ஸிகோ என்ற மாநிலத்தைப் பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் அங்கே வருமான வரம்பு பாராமல் எல்லாக் குடும்பங்களுக்கும் குழந்தைப் பராமரிப்பு கட்டணமில்லை என்று அறிவித்துத் தொடங்கினார்கள். அமெரிக்க மாநிலங்களில் அதுதான் முதல். அந்த மண்ணிலிருந்து எடுக்கும் எண்ணெயும் எரிவாயுவும் தரும் வருமானத்தில் ஒரு பகுதியைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று 2022-ல் அந்த மாநில மக்கள் வாக்களித்தார்கள். கட்டணமே இல்லாத இடத்தில் தள்ளுபடிக்கு என்ன வேலை? பிரிந்த தாய்க்கும் தகப்பனுக்கும் காப்பக ரசீதுக்காகச் சண்டை போட என்ன இருக்கிறது? திங்கட்கிழமை தாய் கொண்டுவந்து விடட்டும். செவ்வாய்க்கிழமை தகப்பன் விடட்டும். பிள்ளைக்கு இடம் இருக்கிறது. ஆயிரம் பக்கச் சட்டம் தீர்க்காத வழக்கை ஒரு திறந்த கதவு தீர்த்துவிடுகிறது.

நமக்கு இதில் பாடம் இல்லையா? நம் நாட்டில் 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வைக்கச் சொன்னது. 1976-ல் அது 30 பெண்கள் என்று திருத்தப்பட்டது. 2025 நவம்பரில் அமுலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 50 ஊழியர்கள் உள்ள இடத்தில் காப்பகம் என்கிறது. தாய் நாளொன்றுக்கு நான்கு தடவை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்கிறது. ஆலை இல்லாத கிராமத்தில், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் தாய்க்கு 1975-ல் தொடங்கிய அங்கன்வாடிதான் துணை. வயல் வேலை விடியுமுன்னே தொடங்கிவிடும். அந்த நேரத்துக்குப் பிள்ளையை விட இடம் வேண்டும். எண்ணிக்கையைப் பற்றியும் நேரத்தைப் பற்றியும் நமக்குப் போராட வேண்டியது நிறைய உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இங்கே சட்டம் சொல்வது ஓர் இடம், ஓர் ஆயா, ஒரு தொட்டில். அது இருக்கிறதா இல்லையா என்று சங்கம் போய்க் கண்ணால் பார்க்கலாம், இல்லையென்றால் கேட்கலாம்.

நாளை யாராவது வந்து, காப்பகம் எதற்கு, அதற்குப் பதில் வரியில் கழித்துக்கொள்ளலாமே என்று இனிக்க இனிக்கப் பேசினால், வருமான வரி வரம்பைக் கண்ணால் கண்டிராத கூலிக்காரிக்கு அதில் என்ன கிடைக்கும் என்று திருப்பிக் கேளுங்கள். 15,080 டாலர் சம்பாதிக்கும் அமெரிக்கத் தாய்க்கு ஏட்டில் கிடைத்த 1,020 டாலரை நினைவில் வையுங்கள். அவள் கையில் விழுந்தது என்ன என்பதையும் நினைவில் வையுங்கள்.

தொட்டிலில் படுத்திருக்கும் பிள்ளைக்குத் தாய் தகப்பனின் வழக்குத் தெரியாது. வரி வரம்பும் தெரியாது. அதற்குப் பால் வேண்டும், நிழல் வேண்டும், பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். வேலைக்குப் போகும் ஒவ்வொரு தாயும், ஒவ்வொரு தகப்பனும் இதை உரிமையாகக் கேட்க வேண்டும். காகிதத்தை வாங்கிக்கொண்டு இடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் கூலிக்கு அடுத்த வரியில் குழந்தைக் காப்பகத்தை எழுத வேண்டும். எழுதியதை அமுலாக்கும் வரை ஓயக் கூடாது.